பொடி பிராண்டின் பெயருக்கு வேறொருவர் டிரேட்மார்க் போட்டுவிட்டார், ஆன்லைனில் எங்கள் பொருளை எடுத்துவிட்டார்கள். உதவுங்கள்

ஈரோட்டுப்பொடி:
வணக்கம். ஈரோட்டில் வீட்டை ஒட்டிய சின்ன யூனிட்டில் இட்லி பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு, பூண்டு ஊறுகாய் செய்து விற்கிறோம். பிராண்டுக்கு வைத்திருப்பது என் பாட்டியின் செல்லப்பெயர். 2021-லிருந்து அந்தப் பெயரில்தான் பாக்கெட் போகிறது. போன வாரம் நாங்கள் விற்கும் ஆன்லைன் தளத்திலிருந்து மெயில் வந்தது: டிரேட்மார்க் புகார் வந்திருக்கிறது, அதனால் உங்கள் பொருட்களை நீக்கிவிட்டோம் என்று. புகார் கொடுத்தவர் வேறு மாவட்டத்தில் அதே பொடி வியாபாரம் செய்பவர். எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் அந்தத் தளத்திலிருந்துதான் வருகிறது. ஜிஎஸ்டி, உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ எல்லாம் எடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் பெயரை மாற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

கரூர்க்காரன்:
உத்யம் சான்றிதழ் இருக்கிறதே, அப்புறம் என்ன அக்கா? பெயர் உங்களுடையதுதான். லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போட்டு அடியுங்கள், ஒருத்தனும் கிட்டே வரமாட்டான்.

குறிஏஜென்ட்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் மேடம். பதிவாகாத பெயருக்கு வட்டத்துக்குள் ஆர் போடுவது டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி தவறு. வழக்கு என்று வந்தால் எதிராளி முதலில் அதைத்தான் காட்டுவார். டிஎம் (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று போட யாரிடமும் அனுமதி வேண்டாம். ஜிஎஸ்டி வரிக்கு, உத்யம் சிறுதொழில் சலுகைக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புக்கு. இதில் எதுவும் பிராண்டு பெயரின் மேல் உரிமை தராது.

பெயரை மாற்றும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். புகார் மெயிலில் அவருடைய விண்ணப்ப எண் இருக்கும். டிரேட்மார்க் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் டிரேட்மார்க் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அதைப் போட்டு, ஸ்டேட்டஸ் என்ன, ஜர்னல் (விண்ணப்பங்களை விளம்பரம் செய்யும் அரசு இதழ்) தேதி என்ன, யூசர் டீடெய்ல் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஈரோட்டுப்பொடி:
பார்த்துவிட்டேன் சார். ஸ்டேட்டஸ்: "அக்செப்டட் அண்ட் அட்வர்டைஸ்டு". கிளாஸ் 30. ஜர்னலில் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. யூசர் டீடெய்லில் "புரபோஸ்டு டு பி யூஸ்டு" என்று இருக்கிறது.

குறிஏஜென்ட்:
நல்ல செய்தி. அவருக்கு இன்னும் பதிவே ஆகவில்லை. ஜர்னலில் விளம்பரம் ஆகி நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். படிவம் டிஎம்-ஓ, ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, ரூ. 2,700. அந்த நான்கு மாதத்துக்கு நீட்டிப்பே கிடையாது, ஆகவே வரும் வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். உங்கள் எதிர்ப்பு நோட்டீஸ் அவர் கைக்குப் போன இரண்டு மாதத்துக்குள் எதிர்வாக்குமூலம் (எழுத்தில் பதில்) தராவிட்டால் அவர் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

"புரபோஸ்டு டு பி யூஸ்டு" என்றால் இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று அர்த்தம். விண்ணப்பித்த அன்று அந்தப் பெயரில் தன் சரக்கு சந்தையில் இல்லை என்பதை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் பாக்கெட் அதற்கு முன்பே விற்றது என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலமானது. ஒருவேளை அவருக்குப் பதிவாகிவிட்டாலும், முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரை 34-ஆவது பிரிவு காக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: பதிவு பெற்றவரைவிட முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேல்.

மசாலா_மதுரை:
ஆதாரம் பற்றி நான் சொல்கிறேன் அக்கா, நாங்களும் எதிர்ப்பு போட்டவர்கள்தான். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே உங்கள் பெயரோ நிறுவனப் பெயரோ இருக்கும், கீழே "இட்லி பொடி 200 கிராம்" என்று இருக்கும். பிராண்டு பெயர் எங்கேயும் இருக்காது! நம் பில்லிங் சாஃப்ட்வேரில் ஐட்டம் பெயரை அப்படித்தான் அடித்து வைத்திருப்போம். அந்த பில் ஒரு கட்டு இருந்தாலும், அந்தப் பெயரில் விற்றீர்கள் என்று அது மட்டுமே காட்டாது.

எங்களுக்குக் கைகொடுத்தது பவுச் அடித்த பிரஸ்ஸின் பில்தான். அதில் பிராண்டு பெயர், எத்தனை பவுச், தேதி மூன்றும் ஒரே தாளில் இருந்தன. டிசைன் புரூஃப் வந்த மெயில், கண்காட்சி ஸ்டாலில் பேனர் தெரியும் போட்டோ, இன்ஸ்டாகிராமில் போட்ட முதல் பதிவு, பெயர் சொல்லி ஆர்டர் கேட்ட வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இன்றைக்கே பில்லிங் சாஃப்ட்வேரின் ஐட்டம் மாஸ்டரில் (பொருள் பட்டியலில்) பிராண்டு பெயரைச் சேர்த்துவிடுங்கள். பழைய பில்லைத் திருத்தி மட்டும் அடிக்காதீர்கள், கேஸே கெட்டுவிடும்.

ஈரோட்டுப்பொடி:
நீங்கள் சொன்னது சரிதான், பில்லில் பெயரே இல்லை. ஆனால் சிவகாசி பிரஸ்ஸின் 2021 பில் கிடைத்துவிட்டது, பெயரோடு! அவர் விண்ணப்பித்தது 2024-இல். தளத்துக்கு என்ன எழுத வேண்டும்? எங்கள் பெயரிலும் விண்ணப்பம் போட வேண்டுமா?

குறிஏஜென்ட்:
கட்டாயம் போடுங்கள், எதிர்ப்போடு சேர்த்தே. எதிர்ப்பு அவரைத் தடுக்கும், அவ்வளவுதான். உங்களுக்குப் பதிவு வாங்கித் தராது. படிவம் டிஎம்-ஏ. தனிநபருக்கும், உத்யம் இருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு ரூ. 4,500, மற்றவர்களுக்கு ரூ. 9,000. இந்த இடத்தில் உங்கள் உத்யம் உதவுகிறது. பொடியும் சத்துமாவும் கிளாஸ் 30, ஊறுகாய் கிளாஸ் 29. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். கையில் பணம் குறைவு என்றால் முதலில் 30 போடுங்கள், சண்டை அங்கேதான். லோகோவாகப் போடாமல் பெயரைச் சொல்லாகவே போடுங்கள், நாளைக்கு லோகோ மாறினாலும் பெயர் நிற்கும். 2021-லிருந்து பயன்பாடு என்று எழுதும்போது அதற்கான பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும், அந்த பிரஸ் பில் அங்கேயும் போகும்.

தளத்துக்கு அனுப்பும் மெயில் சுருக்கமாக இருக்கட்டும். புகார்தாரரின் குறி (டிரேட்மார்க்) இன்னும் பதிவாகவில்லை, பதிவாகாத குறிக்கு 27-ஆவது பிரிவின்படி மீறல் வழக்கே போட முடியாது, நாங்கள் 2021 முதல் பயன்படுத்துகிறோம், எதிர்ப்பு தாக்கல் செய்திருக்கிறோம் என்று எழுதி, ஸ்டேட்டஸ் பக்கத்தையும் பிரஸ் பில்லையும் எதிர்ப்பின் ரசீதையும் இணையுங்கள். எதிர்ப்பு தாக்கலான பிறகே அனுப்புங்கள், ரசீது எண் இருந்தால்தான் மதிப்பார்கள். எதிர்ப்பை மட்டும் நீங்களாக எழுதாதீர்கள், ஏஜென்ட் அல்லது வக்கீலிடம் கொடுங்கள்.

இன்னொன்று, லோகோ யார் வரைந்தது?

ஈரோட்டுப்பொடி:
தெரிந்த தம்பி ஒருவர், வெளியில் டிசைன் செய்து கொடுப்பவர். பணம் ஜிபே-யில் போட்டேன். எழுத்தில் எதுவும் இல்லை.

குறிஏஜென்ட்:
பணம் கொடுத்ததாலேயே லோகோவின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. அவர் உங்கள் சம்பள ஆளும் இல்லை. எழுத்தில், அவர் கையெழுத்தோடு உரிமை மாற்றம் வாங்குங்கள். காலமும் எல்லையும் அதில் எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றாகிவிடும். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

ஈரோட்டுப்பொடி:
தம்பியிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். வக்கீலை நாளை பார்க்கிறோம், எதிர்ப்பு தாக்கலானதும் இங்கேயே எழுதுகிறேன். வீட்டுக்காரரும் இப்போது பிரஸ் பில்லைத் தேடும் வேலையில் இறங்கிவிட்டார், 2022 பில்லும் வேண்டுமாம்.