சிற்றூரில் உயர்கட்டண உருவப்பட ஸ்டுடியோ: நிலைக்குமா?

சாளரஒளி:
ஏறத்தாழ 30,000 பேர் வாழும் ஓர் ஊரில், திருமணம், விழா போன்ற வேலைகளை ஏற்காமல் உருவப்படம் மட்டுமே எடுத்து, குறைவான வாடிக்கையாளர்களிடம் உயர்ந்த கட்டணம் பெற்று ஒரு ஸ்டுடியோவை நடத்த முடியுமா என்பதே இங்கே விவாதப் பொருள். முடியும் என்பது என் நிலைப்பாடு. அதற்கும் மேலே சென்று, சிற்றூரில் உருவப்படத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வேறு வழியே இல்லை என்றும் சொல்வேன். ஊர் சிறியது, ஆகவே விலையையும் குறைத்தாக வேண்டும் என்று பலரும் அறிவுரை கூறுகிறார்கள். சிற்றூரில் வாடகை வேண்டுமானால் குறையலாம். கேமராவும் லென்ஸும் ஃபிளாஷும் அச்சுக் காகிதமும் ஊரைப் பார்த்து விலை குறைவதில்லை. குறைந்த விலையில் கடை ஓட வேண்டுமானால் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் பெருநகரத்தில்தான் இருக்கிறது. மலிவு விலை ஸ்டுடியோவுக்குத்தான் பெரிய ஊர் தேவையே தவிர, உயர்கட்டண ஸ்டுடியோவுக்கு அன்று.

வரவுசெலவு:
வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணக்கில் நிற்குமா என்று பார்ப்போம். வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால் 30,000 பேர் 7,500 குடும்பங்கள் ஆகிறார்கள். இவர்களுள் 5 விழுக்காட்டினர் உயர்ந்த கட்டணம் தரும் வசதியும் மனமும் உள்ளவர்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 375 குடும்பங்கள் தேறும். ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள்ளும் என்றால் ஆண்டுக்கு 125. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தங்களைத் தேடி வந்தால் 42. அந்த 5 விழுக்காட்டை 2 என்று மாற்றிப் பாருங்கள், ஆண்டுக்கு 17 பேர்தான் மிஞ்சுவார்கள். ஆண்டுக்கு 17 பேரை வைத்து வாடகை, மின்சாரம், உபகரணத் தேய்மானம், குடும்பச் செலவு எல்லாவற்றையும் ஈடுகட்ட ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வாங்க வேண்டியிருக்கும் என்பதைத் தாங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை எடுத்துவிட்டுப் போன பிறகு, நான்காம் ஆண்டில் யார் வருவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

சாளரஒளி:
தாங்கள் தந்த 42 என்ற எண்ணே எனக்குப் போதுமானது. முன்பேச்சு, படப்பிடிப்பு, படங்களைப் பிரித்தெடுத்தல், வாடிக்கையாளருடன் அமர்ந்து தேர்வு செய்தல், ரீடச் (படத்தில் உள்ள சிறு குறைகளைத் திருத்துதல்), சோதனை அச்சு, சட்டமிடுதல் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வேலை நாள்கள் பிடிக்கும். 42 குடும்பங்கள் என்றால் 126 நாள்கள். தனி ஆளாக நடத்துகிற ஒருவருக்கு இதைவிட இரண்டு மடங்கு வந்தாலே மூச்சு முட்டும். மேலும் தங்கள் கணக்கு ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. பாஸ்போர்ட் அளவு படத்துக்கு யாரும் அடுத்த ஊருக்குப் பயணம் செய்ய மாட்டார்கள். கூடத்துச் சுவரில் முப்பது ஆண்டுகள் தொங்கப்போகிற படத்துக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்வதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. நான்காம் ஆண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குள் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள்.

இருட்டறை:
இந்தச் சண்டை ஒளிப்படத் தொழில் அளவுக்கே பழையது. 1854-இல் பாரிசில் டிஸ்டெரி என்னும் ஒளிப்படக் கலைஞர் ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரி அட்டை அளவிலான அந்தப் படங்களால் உருவப்படத்தின் விலை சரிந்து, சாதாரண மக்களும் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். அதே நகரத்தில் நாடார் (Nadar) என்னும் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பெரிய படங்களையும் எழுத்தாளர், ஓவியர் கூட்டத்தையும் வைத்துப் பெயர் பெற்றார். ஆனால் அது பாரிஸ். சிற்றூருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த மைக் டிஸ்ஃபார்மரைத்தான் சொல்ல வேண்டும். உழவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் எளியவர்கள் தாங்கக்கூடிய விலைக்கு எடுத்துக் கொடுத்து, 1959-இல் மறைந்தார். அவருடைய பழைய அச்சுகளைக் கலைக்கூடங்கள் உயர்ந்த விலைக்கு விற்றதெல்லாம் பின்னால் நடந்த கதை. சிறந்த வேலை செய்தால் சிற்றூர் தானாக உயர்ந்த விலை தரும் என்று நம்புகிறவர்கள் அவரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1932-இல் ஒட்டாவாவில் ஸ்டுடியோ தொடங்கிய உருவப்படக் கலைஞர் கார்ஷைச் சிலர் எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள். ஒட்டாவா கனடா நாட்டின் தலைநகரம். 1941-இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அங்கே நாடாளுமன்றத்தில் பேச வந்ததால்தான் கார்ஷ் அவரை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் அமைந்தது. தங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள், சாளரஒளி அவர்களே?

பெரியஅச்சு:
இருட்டறை சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. டிஸ்ஃபார்மர் பெரும்பாலும் விற்றது கையடக்கமான படம், சுவருக்கான பெரிய அச்சு அன்று. விலையைத் தீர்மானிப்பது ஊரும் அன்று, புகழ்பெற்ற முகமும் அன்று; வாங்குகிறவர் கையில் எது போய்ச் சேர்கிறது என்பதுதான். பென் டிரைவில் நூறு படங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு அதற்கு உயர்ந்த விலை கேட்டால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள். பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் அச்சிட்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதபடி இடையே அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட்ட ஒரு படத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக் கொடுக்கும்போது விலையைப் பற்றிய பேச்சின் தொனியே மாறிவிடும்.

எடுக்கும் இடத்திலும் வேறுபாடு தெரிய வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவசரமாக எடுப்பவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். அது இல்லாத முகத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் கண்டிருக்கவே மாட்டார்கள். விளக்கைச் சற்று உயர்த்தி, கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கி வைத்தால் கண்ணாடி முன்பக்கம் சாய்ந்து, பிரதிபலிப்பு கேமரா லென்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். முகவாயையும் சற்றுத் தாழ்த்தச் சொன்னால் கண்கள் தெளிவாகத் தெரியும். ரீடச் செய்யும்போது இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடிய பருவை நீக்கலாம், பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தைத் தொடக்கூடாது. இப்படிப்பட்ட கவனத்துக்கு நேரம் பிடிக்கும். விலை என்பது அந்த நேரத்தின் விலை.

மெகாபிக்சலைக் காரணம் காட்டி விலை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 6000×4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 20×13 அங்குலத்துக்குத் தாராளமாகப் போதும். அதைவிடப் பெரிய படத்தை எல்லாரும் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள் என்பதால் அங்கே பாதி அடர்த்தி இருந்தாலும் குறை தெரியாது.

மூன்றுதலைமுறை:
நான் ஒளிப்படக் கலைஞர் அல்லள். பணம் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையும் ஒன்றாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, தரம் உயர்ந்தது என்று பெயர் பெற்ற ஸ்டுடியோ ஒன்றை அணுகினேன். விலை என்ன என்று கேட்டதற்கு நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்கள். படம் எடுத்த பிறகு இருட்டான ஓர் அறையில் அமரவைத்து, மெல்லிய இசையோடு பெரிய திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். என் மாமியார் கண் கலங்கியிருந்த அந்த நேரம் பார்த்து விலைப்பட்டியலை நீட்டினார்கள். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்கவும் செய்தோம். ஆனால் அந்த இடத்தை யாருக்கும் நான் பரிந்துரைத்ததில்லை. உயர்ந்த விலை எனக்குக் கசக்கவில்லை, அதை மறைத்து வைத்ததுதான் கசந்தது. கோப்புகளைத் தர மறுப்பதும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அன்றே அனுப்ப முடியாத படத்துக்கு நான் எதற்காகப் பணம் தர வேண்டும்?

பெரியஅச்சு:
கோப்பு விஷயத்தில் தாங்கள் கேட்பது நியாயம். அச்சாக வாங்குகிற ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசியில் பார்க்கத்தக்க அளவில் ஒரு கோப்பைச் சேர்த்தே தந்துவிடலாம். அச்சே வாங்காமல் முழு அளவுக் கோப்புகளை மட்டும் கேட்பவர்களுக்குத்தான் தனி விலை வேண்டும். ஆனால் படங்களை ஒன்றாக அமர்ந்து பார்ப்பதையே தவறு என்று சொல்லிவிட முடியாது. இணைப்பை அனுப்பி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டால், எது பெரிதாக இருக்க வேண்டும், எது ஆல்பத்தில் இருந்தால் போதும் என்று முடிவு செய்ய முடியாமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடுகிறவர்களே அதிகம்.

வரவுசெலவு:
அமர்ந்து பார்ப்பது வேறு, அமரவைத்து அமுக்குவது வேறு. பெருநகரத்தில் ஒருவர் மனக்கசப்போடு போனால் அடுத்தவர் வருவார். சிற்றூரில் அவர் மாலைக்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார், அந்தப் பத்துப் பேரும் நாம் எண்ணிய 375 குடும்பங்களுக்குள்ளேயே இருப்பார்கள். விலைக் குறைப்பும் இதே போலத்தான். உறவினர் என்று ஒருவருக்குக் கட்டணத்தைக் குறைத்தால் அது ஊருக்கே அறிவித்த விலை ஆகிவிடும். குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பொருளைக் குறையுங்கள். மூன்று அச்சுக்குப் பதில் ஒன்று கொடுங்கள், ஓர் அச்சின் விலையை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: பாஸ்போர்ட் படக் கவுண்டரை மூடிவிடப் போகிறீர்களா? மாத வாடகையைக் கொடுப்பது அதுவாகத்தான் இருக்கும்.

சாளரஒளி:
மூடவே நினைக்கிறேன். ஐந்து நிமிடத்தில் படம் வேண்டும் என்று வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருக்கையில், உள்ளே ஒரு குழந்தை இயல்பாகச் சிரிக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்க முடியாது. தவிர, பாஸ்போர்ட் படக்கடை என்று ஊர் ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயரோடு உயர்ந்த கட்டணம் ஒட்டாது.

இருட்டறை:
இந்த இடத்தில் நான் வரவுசெலவு அவர்கள் பக்கம். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் என்றைக்காவது ஒருநாள் தாமாக நடந்து வந்து, தங்கள் ஸ்டுடியோ நாற்காலியில் பத்து நிமிடம் அமர்கிறார்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் இது கிடைக்காது. அந்த நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் தாங்கள் எடுத்தவற்றுள் மிகச் சிறந்த உருவப்படத்தைப் பெரிய அளவில், விலைச்சீட்டோடு மாட்டிவையுங்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், இது யார் வீட்டுப் பாட்டி என்று தாமாகக் கேட்பார். சிற்றூரில் பெரும்பாலும் அவருக்கே விடையும் தெரிந்திருக்கும். படத்தில் இருப்பவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

சாளரஒளி:
சுவரைப் பற்றிய யோசனையை ஏற்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கவுண்டர், பிற்பகல் முழுவதும் முன்பதிவு செய்தவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டால் என் ஆட்சேபத்தில் பாதி தீர்ந்துவிடும். முழு விலைப்பட்டியலையும் வெளியிட நான் உடன்பட மாட்டேன். எந்த அளவு, எந்தச் சட்டம் என்று பேசி முடிவெடுப்பதற்கு முன்பே கடைசி எண்ணைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள் பலர். தொடக்க விலையை மட்டும் வாசலிலேயே எழுதிவைக்கிறேன்.

மூன்றுதலைமுறை:
அந்தத் தொடக்க விலைக்கு எனக்கு என்ன கிடைக்கும்?

சாளரஒளி:
படப்பிடிப்பும் ஆலோசனையும். அச்சுக்குத் தனி.

வரவுசெலவு:
அப்படியானால் அது தொடக்க விலை அன்று, நுழைவுக் கட்டணம். அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறவர் ஊரில் என்ன சொல்வார் என்பதை மேலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டமிட்ட ஒரே ஓர் அச்சையாவது, அது சிறிய அளவாக இருந்தாலும், அந்த விலைக்குள் அடக்கி எழுதிவையுங்கள். அதற்கு மேல் வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம். இந்த ஒன்றைச் செய்வதாக இருந்தால் 42 என்ற எண்ணை நானும் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் தாங்கள் 17-ஐ வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.