டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: அம்மீட்டர் தலைகீழாகக் காட்டுது

கேள்வி: பழைய டீசல் டிராக்டரில் டைனமோவை எடுத்துட்டு 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) மாட்டியாச்சு. இன்ஜின் ஓடும்போது அம்மீட்டர் (பேட்டரிக்குக் கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டும் மீட்டர்) முள் மைனஸ் பக்கம் போகுது. இன்ஜினை நிறுத்தி ஹெட்லைட் போட்டால் முள் அசையவே இல்லை. ஏன்?

பதில் 1: இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்க. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுது. அம்மீட்டர் வயர்கள்தான் இடம் மாறியிருக்கு. லைட் போட்டும் முள் அசையலைன்னா, லைட் வயர் அம்மீட்டரின் பேட்டரி பக்க முனையில் இருக்கு, ஆல்டர்னேட்டர் பக்க முனைக்கு மாத்துங்க. ஸ்டார்ட்டர் கேபிள் அம்மீட்டர் வழியே போகவே கூடாது. அதில் ஓடுறது நூற்றுக்கணக்கான ஆம்பியர், மீட்டர் கருகிடும்.

பதில் 2: முன்பு பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்த) வண்டியா? நெகட்டிவுக்கு மாற்றினால் முள் இப்படித்தான் திரும்பும். மாற்றாமல் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டர் போட்டால் அதிலுள்ள டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) உடனே போயிடும்.

பதில் 3: மீட்டர் 30 ஆம்பியர் என்றால் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குப் போதாது, 60 ஆம்பியர் மீட்டர் போடுங்க, வயர் 6 சதுர மி.மீ. வேலைக்கு முன் முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்க, அம்மீட்டர் முனையில் எப்பவும் கரண்ட் இருக்கும்.