ஸ்டீராய்டும் எலும்பும்: தொழுநோய் ரியாக்‌ஷனுக்கு மருந்து எடுத்தவர்களின் அனுபவங்கள்

பென்சில்கோடு:
தொழுநோய்க்கான கூட்டு மருந்தை ஓராண்டில் முடித்துவிட்டேன். முடிச்சு ரியாக்‌ஷன்தான் விடவில்லை: நோய்க்கிருமிக்கு எதிராக உடலே கொந்தளித்து, தோலில் வலிக்கும் முடிச்சுகள் கிளம்பும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறக்கும்போதெல்லாம் காய்ச்சலும் முடிச்சுகளும் திரும்பி வரும், மறுபடியும் ஏற்றுவார்கள். இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின. ஒருநாள் என் உயரத்தை அளந்த செவிலியர் பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, "நேராக நில்லுங்கள்" என்றார். நேராகத்தான் நின்றிருந்தேன். குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொல்லி மறுபடியும் அளந்தார். அட்டையில் 168, அளவுகோலில் 163. அவர் ஒன்றும் பேசாமல் புதிய எண்ணைப் பென்சிலால் குறித்தார். மற்றவை எல்லாம் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. நான் எங்கும் விழவில்லை. முதுகுவலியை ரியாக்‌ஷனின் வலி என்றே எண்ணியிருந்தேன்.

மூத்தமகள்:
இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். முழங்கை நரம்பு வீங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கிய என் அப்பாவுக்குக் கை திரும்பக் கிடைத்தது ஸ்டீராய்டால்தான். பிறகு யாரோ எலும்பு கரையும் என்று பயமுறுத்த, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை, வாந்தி எடுத்து, எழுந்து நிற்க முடியாமல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பென்சில்கோடு:
நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? எலும்பு வேகமாகக் குறைவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் என்றால், மருந்தைத் தொடங்கிய அன்றே எலும்பையும் கவனித்திருக்கலாம் அல்லவா? என் வருத்தம் அவ்வளவே.

பாதம்பார்ப்பவர்:
நான் இயன்முறை மருத்துவர். கணுக்கால் வீங்கிய ஒருவர் என் அறைக்குள் சாதாரணமாக நடந்து வந்து, செருப்பு இறுக்குகிறது என்று மட்டும் சொன்னார். உள்ளே எலும்பு முறிந்திருந்தது. உணர்ச்சியற்ற பாதத்துக்கு வலி தெரியாது. ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்பவர்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பைக் காக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தால், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆண்கள் கூச்சப்படாமல் ஹார்மோன் பரிசோதனையும் கேட்கலாம். இந்த நோய் விந்தகத்தைத் தாக்கினால் டெஸ்டோஸ்டிரோன் குறையும், அதுவும் எலும்பை மெலியச் செய்யும். தொடை இடுக்கில் வலி வந்தால் எக்ஸ்ரேயோடு நின்றுவிடாதீர்கள்.

இடதுகால்:
கடைசி வரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். தரையில் உட்கார்ந்தவன், தொடை இடுக்கில் பிடித்த வலியால் எழ முடியாமல், என் எட்டு வயது மகனின் தோளில் கை ஊன்றி எழுந்தேன். அவன் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தான், ஆனால் நகரவில்லை. அதற்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில்தான், இரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் தலைப்பகுதி செத்துப்போயிருந்தது தெரிந்தது.