பாடம் உடலில் பிடிபட்ட நாள்: உடலியங்கியல் வகுப்பு அனுபவங்கள்

எம்.பி.பி.எஸ். முடித்தவர், மதுரைப் பக்கம்

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எனக்கு, முதலாண்டுப் பாடங்களில் உடலியங்கியலே மிகுந்த அச்சத்தைத் தந்தது. உடற்கூற்றியலில் கையில் எடுத்துப் பார்க்க ஓர் எலும்பாவது இருக்கும். இங்கே வரைபடங்களும் அம்புக்குறிகளும்தான். இரத்தம், நரம்பு, தசை, இதயம், மூச்சு, சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று பகுதி பகுதியாகப் பாடம் நடந்தது. ஒரு பகுதிக்கான தேர்வை எழுதியதும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். 

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தமும் நாடியும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தோம். எங்கள் அணியில் ஒரு மாணவி பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றார். அவருடைய நாடி நிமிடத்துக்கு 74-இலிருந்து 96-க்கு ஏறியதை நான் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் அவர் முகம் வெளுத்தது, நெற்றி வியர்த்தது, நாடி திடீரெனத் தளர்ந்து, அவர் என் தோளிலேயே சாய்ந்துவிட்டார். பேராசிரியர் பதறாமல் அவரைத் தரையில் படுக்க வைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்தார். அன்று காலை அவர் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களின் பக்கம் இறங்கிவிடுகிறது என்பதையும், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் அதை அறிந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்ல, இதயத் துடிப்பு கூடி இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன என்பதையும் நான் முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். அந்த ஏற்பாடு சில நிமிடங்கள் தாங்கிப் பிடித்துவிட்டுப் பிறகு கைவிடுவதை, என் விரல்களுக்கு அடியில் ஒரு தோழியின் நாடியில் உணர்ந்த பிறகுதான் அது எனக்குப் பாடமாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் வீட்டில் நடந்தது. இரத்த அழுத்தத்துக்காக எனலாபிரில் மாத்திரை சாப்பிட்டுவந்த என் அப்பத்தாவுக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாகவே இருந்தது. துளசிக் கஷாயமும் இருமல் மருந்தும் பலன் தரவில்லை. அந்த வாரம் வகுப்பில் சிறுநீரகப் பாடம். கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதத்தைச் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்னும் நொதி வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டை, நுரையீரலின் இரத்த நுண்குழாய்ச் சுவர்களில் நிறைந்திருக்கும் ஏசிஇ என்னும் நொதி மேலும் நறுக்கி ஆஞ்சியோடென்சின்-2 என்னும் பொருளாக மாற்றுகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பையும் நீரையும் உடலில் நிறுத்திவைக்கிறது. நான் தனித்தனியே மூடி வைத்திருந்த நான்கைந்து பகுதிகள் ஒரே சங்கிலியில் வந்து நின்றன. நரம்பு நொடிகளில் செய்யும் வேலையையே இந்தச் சங்கிலி நிதானமாக, நீண்ட நேரத்துக்குச் செய்கிறது என்று பேராசிரியர் சொன்னபோது, மயங்கி விழுந்த தோழியை நினைத்துக்கொண்டேன். அதே ஏசிஇ நொதிதான் பிராடிகைனின் என்னும் பொருளையும் சிதைக்கிறது என்றும், எனலாபிரில் போன்ற மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும்போது அப்பொருள் தேங்கிச் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும் என்றும் அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரே வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். "மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்" என்றார். மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் அடங்கியது.

இயன்முறை மருத்துவ மாணவர்

என் அனுபவம் சிறியது. முழங்கால் அனிச்சைச் செயலைச் சோதிக்கும்போது, என் அணியில் இருந்த நண்பருக்குச் சுத்தியலால் எத்தனை முறை தட்டியும் கால் அசையவில்லை. நரம்பில் ஏதோ குறை என்றே அவர் பயந்துவிட்டார். இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து, எதிரெதிராக வலுவாக இழுக்கும்படி ஆசிரியை சொன்னார். இழுத்த கணத்தில் தட்டினேன். கால் சட்டென்று உதைத்தது. ஹங்கேரி மருத்துவர் யெண்டிராசிக்கின் பெயரால் வழங்கும் உத்தி அது. கையில் செய்த முயற்சி காலின் அனிச்சையைத் தூண்டிவிடுகிறது என்றால், அனிச்சையை நடத்தும் தண்டுவடத்தின் அந்தச் சிறு நரம்பு வளையம்கூடத் தனித்து இயங்கவில்லை என்றுதானே பொருள்? அதற்குப் பிறகு எந்தச் சோதனையிலும் முதல் முயற்சியில் விடை வராவிட்டால் இல்லை என்று எழுதிவிடுவதில்லை.

பி.எஸ்சி. விலங்கியல், நாமக்கல் மாவட்டம்

எங்கள் ஊரில் கோடை விடுமுறை என்றால் கிணறுதான். யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று போட்டி வைப்போம். குதிப்பதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்து இருபது முறை மூச்சு இழுத்துவிட்டால் தண்ணீருக்குள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று அண்ணன்மார் சொல்லிக்கொடுத்ததை நானும் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாமாண்டில் மனித உடலியங்கியல் தாளில் மூச்சுக் கட்டுப்பாட்டைப் படித்தோம். வகுப்பில் எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்தோம். எனக்கு 48 வினாடி வந்தது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிட்ட பிறகு அடக்கியபோது 95 வினாடி. நான் பெருமையோடு நிமிர்ந்தேன். ஆசிரியரோ, அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் ஏறும் கரியமில வாயுதான் என்று 1905-இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டியிருக்கிறார்கள். வேகமாக மூச்சுவிடும்போது அந்த வாயு வெளியேறிவிடுகிறது. ஆனால், முன்பே ஏறக்குறைய நிறைந்திருக்கும் ஆக்சிஜன் இரத்தத்தில் அப்படியொன்றும் கூடிவிடுவதில்லை. ஆகவே மூச்சுத் திணறலாகிய எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்சிஜன் மிகவும் குறைந்து, நினைவு தப்பிவிடலாம். வகுப்பறையில் என்றால் நாற்காலியில் சாய்வோம், மூச்சு தானாகத் திரும்பிவிடும். கிணற்றுக்குள் அப்படியில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போன் செய்து, சித்தப்பா மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நீதானேண்ணா சொல்லிக் குடுத்த?" என்றான். ஆமாம், நான் சொன்னது தப்பு என்றேன். அடுத்த விடுமுறைக்குப் போனபோது கிணற்றுப் படியில் உட்கார்ந்துகொண்டேன். முங்கும் போட்டி கிடையாது, மேலே பெரியவர் ஒருவர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று பையன்கள் தாங்களாகவே பேசி வைத்திருந்தார்கள். அந்த மே மாதம் முழுவதும் அந்தப் பெரியவராக நான்தான் படியில் இருந்தேன்.