இங்கிலாந்தில் வீடு பார்த்த கதைகள்: டெரஸ், செமி, லீஸ்ஹோல்ட்...

ரெடிங்வாசி:

போன கோடையில மாமனாரும் மாமியாரும் வந்திருந்தப்பதான் வீடு பார்க்க அலைஞ்சிட்டிருந்தோம். ஒரு விளம்பரம்: "விக்டோரியன் மிட் டெரஸ், மூணு பெட்ரூம், ரெண்டு ரிசப்ஷன்." மாமியாருக்கு டெரஸ்ங்கிற ஒரு வார்த்தை போதும். வடாம் போட மாடி இருக்குன்னு முடிவே பண்ணிட்டாங்க. போய் நின்னா மேல சரிஞ்ச ஓட்டுக்கூரை, அதுல காக்கா நிக்கவே யோசிக்கும். தெரு நெடுக ஒட்டி நிக்கிற செங்கல் வீடுகள்ல நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கச் சுவரும் பொது. மாமனார் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இது நம்ம அக்ரகாரம்தானேம்மா"ன்னார். அதைவிடச் சரியா எந்த ஏஜென்ட்டும் சொன்னதில்லை.

அடுத்து ஹால் எங்கேன்னு கேட்டார். கதவைத் திறந்ததும் செருப்பு கழட்டுற அந்த ஒடுக்கமான நடைதான் இங்க ஹால். நாம டிவி வைக்கிற இடம் லவுஞ்ச், விளம்பரத்துல அதுவே ரிசப்ஷன்.

அந்த வீட்டையே வாங்கிட்டோம். ரெண்டு பக்கமும் குடித்தனம் இருக்கிறதால குளிர்காலத்துல சூடு நல்லாவே நிக்குது. தனி வீடு வச்சிருக்கிற நண்பர் கேஸ் பில்லைப் பத்திப் புலம்பும்போது நான் வாயே திறக்கிறதில்லை. ஆனா கூரைக்கு அடியில இருக்கிற லாஃப்டை அறையாக்கணும்னா, பொதுச் சுவர்ல உத்திரம் ஏத்துறதுக்கு ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுக்கணும். 1996 பார்ட்டி வால் சட்டம் அது. வேலை ஆரம்பிக்க ரெண்டு மாசம் முன்னாடியே கொடுக்கணும். 14 நாளுக்குள்ள எழுத்துல சம்மதம் வரலைன்னா தகராறுன்னுதான் கணக்கு. அதைத் தீர்த்து வைக்க சர்வேயர் வருவார், அவருக்கான செலவு பெரும்பாலும் நம்ம தலையில. அதனால முதல்ல ஒரு டப்பா மைசூர்பாகோட போய்ப் பேசிடுங்க, தபால் அப்புறம் போகட்டும்.

உங்க கதைகளையும் எழுதுங்க.

ஹாரோ பழசு:

தம்பி, நான் வந்து இறங்கினது 90களில. சொந்தக்காரர் ஒருத்தர் வெம்பிளியில ஒரு "பொக்ஸ் ரூம்" எடுத்துத் தந்தவர். கட்டிலைப் போட்டால் கதவு அரைவாசிதான் திறபடும். இந்தப் பக்கம் முழுக்க ரெண்டு உலகப் போருக்கும் இடையில, மெட்ரோபொலிட்டன் ரயில் பாதையோட சேர்ந்து வளர்ந்த செமி வீடுகள். சோடியாக் கட்டினது, ஒரு பக்கச் சுவர்தான் பொது. மேல ரெண்டு நல்ல அறை, வாசலுக்கு நேர மேல ஒரு குட்டி அறை. அந்தக் குட்டி அறைக்குத்தான் இந்தப் பேர். அதிலயும் ஆள், கீழ முன்னறையிலயும் ஆள், குசினிக்கு வரிசை.

இப்ப அப்பிடி வாடகைக்கு விட ஏலாது. ஒரே குடும்பமில்லாத அஞ்சு பேரோ கூடவோ குசினி, குளியலறையைப் பங்கிட்டு இருந்தால் அது ஹெச்எம்ஓ, அதாவது பல பேர் பங்கிடுற வீடு எண்டு லைசன்ஸ் கட்டாயம் எடுக்க வேணும். சில உள்ளூர் கவுன்சில்கள் மூண்டு பேருக்கே கேக்கினம். லைசன்ஸ் வீட்டில ஒரு வளந்த ஆள் படுக்கிற அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, ரெண்டு பேரெண்டால் 10.22. 2018 ஒக்ரோபரில இருந்து இங்கிலாந்தில இதுதான் சட்டம். புதுசா வாற மாணவப் பிள்ளைகள் ஒரு அளவுநாடா கொண்டு போங்கோ, வெக்கப்படாதேங்கோ. கட்டின டிப்பொசிட்டை 30 நாளுக்குள்ள அரசாங்கம் ஏற்ற திட்டம் ஒண்டில போட்டதுக்குக் கடதாசியும் கேளுங்கோ. எங்கட ஆக்களிட்ட வாடகைக்கு இருந்தாலும் கேக்கத்தான் வேணும். "சொந்தத்துக்குள்ள என்ன கடதாசி" எண்டு சொல்லுறவரிட்டத்தான் முதல்ல கேக்கோணும்.

கொழும்பில அனெக்ஸ் எண்டால் வீட்டோட ஒட்டின வாடகைப் பகுதி. இங்க அம்மம்மாவை இருத்த வளவுக்குள்ள கட்டுற சின்ன வீட்டைத்தான் அனெக்ஸ் எண்டு கூடுதலாச் சொல்லுவினம். அதுக்கும் பிளானிங் அனுமதி பாக்க வேணும்.

க்ராய்டன் மதுரைக்காரன்:

லீஸ்ஹோல்ட் பத்தி யாராவது பேசணும், நானே பேசிடறேன். "ஃபிளாட் வாங்குறேன், 125 வருஷ லீஸ்"னு அப்பாகிட்ட போன்ல சொன்னேன். எங்க ஊர்ல லீஸ்னா ஒத்தி. ஒரு தொகையைக் கொடுத்துட்டு வாடகையில்லாம குடியிருந்து, காலி பண்ணும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கலாம். அப்பா கேட்டார்: "அப்ப 125 வருஷம் கழிச்சு எந்தப் பயடா பணத்தைத் திருப்பித் தருவான்?"

யாரும் தரமாட்டாங்கப்பா. நீட்டிக்காம விட்டா ஃபிளாட்டே கடைசியில ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரருக்குப் போயிடும். அவர் போனை வச்சுட்டார். ரெண்டு நாள் பேசலை.

அவர் கோபத்துல நியாயம் இருக்குன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். முதல்ல பார்த்த ஃபிளாட் அந்த ஏரியாவுக்கு ரொம்ப மலிவு. ஏன்னு தோண்டினா லீஸ்ல 71 வருஷம்தான் பாக்கி. 80-க்குக் கீழ இறங்கிட்டா நீட்டிக்கிறதுக்கு "மேரேஜ் வேல்யூ"ன்னு ஒண்ணு சேரும். கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. லீஸை நீட்டிக்கிறதால கூடுற மதிப்புல பாதியை ஃப்ரீஹோல்டர் கேட்பார். கடன் கொடுக்கிற பேங்க்குகளும் வருஷம் குறையக் குறையத் தயங்கும். அந்த ஃபிளாட்டை விட்டுட்டேன்.

வாங்கின ஃபிளாட்லயும் வருஷா வருஷம் சர்வீஸ் சார்ஜ் உண்டு. லிஃப்ட், இன்ஷூரன்ஸ், படிக்கட்டு சுத்தம் பண்றது எல்லாம் அதுல. மரத்தரை போடணும்னா அனுமதி, சுவரை இடிக்க அனுமதி. ஒரு தடவை பில்லுல புரியாத ஒரு வரி இருந்தது. கணக்குக் கேட்டு எழுதினேன், மாசக்கணக்கா பதில் இல்லை. விடாம எழுதினதும் தொகை குறைஞ்சு வந்தது. சட்டப்படி ரசீது பார்க்குற உரிமை நமக்கு இருக்கு, அதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க.

கொஞ்சம் நல்ல செய்தியும் இருக்கு. 2022 ஜூன் 30-லிருந்து போடுற புது வீட்டு லீஸ்கள்ல, சில விலக்குகள் தவிர, கிரவுண்ட் ரென்ட், அதாவது ஃப்ரீஹோல்டருக்குக் கட்டுற நில வாடகை, வாங்க முடியாது. வாங்கி ரெண்டு வருஷம் காத்திருந்துதான் நீட்டிக்கணும்ங்கிற விதியும் 2025 ஜனவரி கடைசியில போயிடுச்சு. மேரேஜ் வேல்யூவை நீக்கவும் 2024 லீஸ்ஹோல்ட் சட்டத்துல எழுதியிருக்காங்க. ஆனா அந்தச் சட்டத்தோட பிரிவுகள் தவணை தவணையாத்தான் அமலாகுது. வீட்டுப் பத்திரம் பார்க்குற வக்கீலான சொலிசிட்டர்கிட்ட அன்னிக்கு நிலவரம் கேட்டுக்கோங்க.

கிளாஸ்கோ மருமகள்:

எல்லையைத் தாண்டி இங்க வாங்க, இந்தத் தலைவலி கிடையாது. ஸ்காட்லாந்துல ஃபிளாட்டை முழுச் சொந்தமாத்தான் வாங்கறோம். நிலப்பிரபு காலத்து முறையில மிச்சம் இருந்ததையும் 2004 நவம்பர் 28-ல ஒழிச்சுட்டாங்க. பொதுக் கூரைக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் "ஃபேக்டர்"னு ஒரு மேலாளருக்குப் பணம் கட்டறோம்.

நான் வந்த புதுசுல ஆபீஸ்ல ஒரு அம்மா "வேர் டூ யூ ஸ்டே?"ன்னாங்க. அஞ்சு நிமிஷம் அவங்க மேல அன்பு பொங்கிடுச்சு. லண்டன்ல இருந்தப்ப நான் அப்படிக் கேட்டா "எந்த ஹோட்டல்லன்னு கேக்கறியா?"ன்னு திருத்துவாங்க. இங்க குடியிருக்கிறதையே ஸ்டேன்னுதான் சொல்றாங்க.

எங்க வீடு டெனமென்ட். அம்மாகிட்ட சொன்னா அழுதிருப்பாங்க, ஊர்ல ஹவுசிங் போர்டு நினைப்பு வரும். நிஜத்துல மணற்கல்லால கட்டின, உயரமான கூரையும் வளைஞ்ச பெரிய ஜன்னலும் வச்ச நாலு மாடிக் கட்டடம். விலாசம் 2/1. அதாவது தரைக்கு மேல ரெண்டாவது மாடி, முதல் கதவு. உள்ளே போற பொது வழிக்கு "க்ளோஸ்"னு பேரு. சாப்பாடு கொண்டு வர்ற பையன் "க்ளோஸ் திறந்திருக்கா?"ன்னு கேட்டா குழம்பாதீங்க.

கென்ட் நர்ஸ்:

எனக்குச் சின்னக் கதைதான். வயசானவங்களை வீட்ல போய்ப் பார்க்கிற வேலை. கடற்கரைப் பக்கம் பாதி வீடு பங்களாதான். படி ஏறாம வாழுறதுக்குன்னு ஒரே தளத்துல இருக்கும், ஓய்வுபெற்றவங்க தேடி வாங்குவாங்க. "பங்களா வாங்கியிருக்கேன்"னு ஊருக்கு வாட்ஸாப்ல போட்டேன். அன்னிக்கே ரெண்டு பேர் கடன் கேட்டுட்டாங்க. வங்காளத்து வீட்டுப் பாணி கப்பலேறி வந்து இங்க ஒத்தை மாடியா அடங்கிப்போச்சு, நம்ம ஊர்ல மட்டும் காம்பவுண்ட் சுவர், கூர்க்கான்னு வளர்ந்துடுச்சு.

ஈஸ்ட் ஹாம் புதுசு:

மேசனெட்னு ஒண்ணு பார்த்தேன், மேல் தளம், சொந்த வாசல். வாங்கலாமா?

க்ராய்டன் மதுரைக்காரன்:

தெருவிலிருந்தே தனிக் கதவு, பொதுப் படிக்கட்டு இல்லைங்கிறதால சர்வீஸ் சார்ஜ் குறைவா இருக்கலாம். ஆனா பெரும்பாலும் இதுவும் லீஸ்ஹோல்ட்தான். மேல் வீடுன்னா லாஃப்ட் உங்களுக்கா, தோட்டத்துல எவ்வளவு உங்களுக்கு, கூரை ஒழுகினா யார் செலவுன்னு மூணையும் லீஸ்ல பாருங்க. அதோட இணைச்சிருக்கிற பிளான்ல உங்க எல்லையைக் காட்டுற சிவப்புக் கோடு எங்க ஓடுதுன்னு பார்த்துட்டு ஆஃபர் போடுங்க.