வெர்டிக்கியோ வைனுடன் மீன் குழம்பு: ஆலோசனை வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இத்தாலியின் மார்க்கே வட்டாரத்தில், யேசி நகரைச் சூழ்ந்த குன்றுகளில் விளையும் வெர்டிக்கியோ திராட்சையின் வெள்ளை வைனை அண்மையில் சுவைத்தேன். இளம்பச்சை கலந்த வெளிர் மஞ்சள் நிறம், எலுமிச்சையையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும் மணம், நாவில் நீர் ஊறச்செய்யும் புளிப்பு, விழுங்கிய பின்பும் தங்கும் பாதாமின் மெல்லிய கசப்பு ஆகியவை மிகவும் பிடித்திருந்தன; அந்தக் கசப்பே இதன் தனிச்சிறப்பு என்பேன்.

இதனுடன், அதே வட்டாரத்துத் துறைமுக நகரான அன்கோனாவின் புரோதேத்தோ என்னும் மீன் குழம்பைச் சமைக்க விரும்புகிறேன். பல வகை மீன்களோடு தக்காளியும் வினிகரும் சேரும் உணவு என்பதால், அதன் புளிப்புக்கு முன் வைன் சுவை மங்கித் தட்டையாகிவிடுமோ என்ற ஐயம் எழுகிறது. வினிகரைக் குறைத்தால் குழம்பின் இயல்பே மாறிவிடும், அதற்கு மனமில்லை.

இளம் வைனே இதற்குப் போதுமா, அல்லது குறைந்தது 18 மாதங்கள் முதிரவைக்கப்படும் ரிசெர்வாவையோ, கடலிலிருந்து விலகிய மலைப் பள்ளத்தாக்கில் விளையும் மத்தேலிக்கா வெர்டிக்கியோவையோ தேர்ந்தெடுக்கலாமா? இவற்றை ஒப்பிட்டுச் சுவைத்தவர்கள், எந்த வெப்பநிலையில் பரிமாறினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.