14-ஆம் நம்பர் ஊசி என்று மட்டும் கேட்டால் போதுமா? குயில்ட் தைப்பவர்களின் அனுபவங்கள்

லாஸ்பேட்டையிலிருந்து

குயில்ட், அதாவது துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கிறவர்கள் மிஷின் ஊசி வாங்கப் போன கதையைக் கொஞ்சம் எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

நேரு வீதிப் பக்கம் ஒரு தையல் சாமான் கடையில், "குயில்ட் தைக்க ஊசி வேணும்ணே" என்றேன். "பதினாலா, பதினாறா?" என்றார். "நம்பர் அப்புறம் பாத்துக்கலாம், முனை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ஊசி முனை ஊசியாத்தாம்மா இருக்கும்" என்றார். பக்கத்தில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவர்கள் நம்பர் சொல்லித்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கு அது போதும். ஆனால் நம்பர் தடிமனை மட்டும்தான் சொல்லும். அவர் சொன்ன பதினாலு பாக்கெட்டில் 90/14 என்று இருக்கும், ஊசித்தண்டு 0.9 மில்லிமீட்டர், 75/11 என்றால் 0.75. முனை எப்படி, காது எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதில் கிடையாது. குயில்ட்டில் மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் லைனிங். துண்டுகள் சந்திக்கிற மூலைகளில் மடிப்பும் சேர்ந்து இன்னும் தடிக்கும். சாதாரண யுனிவர்சல் ஊசியின் முனை லேசாக உருண்டிருக்கும், பின்னல் துணிக்கும் நெய்த துணிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. நெருக்கமாக நெய்த காட்டனில் அது இழையை ஒதுக்கித் தள்ளிவிட்டு இறங்குவதால், கோடு போட்டுத் தைத்தாலும் தையல் வரிசை கொஞ்சம் நெளியும். குயில்டிங் ஊசி அப்படியில்லை. தண்டு முனையை நோக்கி ஒல்லியாகிக்கொண்டே போகும், அடுக்குகளைப் பாழாக்காமல் இறங்கும்.

கடைசியில் அவரே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, கோடு போட்ட சில பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டார். ஷ்மெட்ஸ் கம்பெனி ஊசிகளில் மேல் நிறக் கோடு வகையைச் சொல்லும்: குயில்டிங்குக்குப் பச்சை, மெலிந்த கூர்முனை கொண்ட மைக்ரோடெக்ஸுக்கு ஊதா, ஜீன்ஸுக்கு நீலம். கீழ்க் கோடு அளவு: 75 ரோஸ், 80 ஆரஞ்சு, 90 நீலம். எத்தனை நாளாக அந்த டப்பாவில் கிடந்ததோ, பாக்கெட் மேல் அவ்வளவு தூசி.

மஞ்சக்குப்பத்திலிருந்து

எல்லாருக்கும் இது தேவையா அக்கா? என்னுடையது கால் மிஷின். அம்மாவின் பழைய காட்டன் புடவைகளை வெட்டி ஒட்டி, நடுவில் பழைய போர்வை வைத்துத் தைக்கிறேன். சாதாரண 14-தான் போடுகிறேன், ஒரு குறையும் இல்லை. துவைத்துத் துவைத்து இளகிய புடவைக்கு எந்த ஊசியும் இறங்கும். குறிஞ்சிப்பாடிக் கைலியைப் புதிதாக வாங்கிச் சேர்த்தால் மட்டும் முதலில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசிவிடுவேன். காசு போட்டு வாங்கிய பஞ்சு ஷீட், புதுத்துணி என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

குயிலாப்பாளையத்திலிருந்து

ஆரோவில்லுக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பாட்டி தன் குயில்ட்டைக் காட்டினார். ஊசியைப் பற்றிக் கேட்டால், பேச்சையெல்லாம் விட்டுவிட்டு நூலைக் கையில் எடுத்தார். ஒரு முழ நூலை ஊசிக் காதில் கோத்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சாய்த்தார். ஊசி தானாக வழுக்கிக் கீழே வந்தது. அப்படி வந்தால் காது அந்த நூலுக்குப் போதும். நடுவில் நின்றால் காது சிறியது, தைக்கும்போது நூல் உராய்ந்து பிசிறடித்து அறும். அன்றிலிருந்து கடைக்கு நூலையும் கொண்டுபோகிறேன்.

இதில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஊசியில் நம்பர் ஏற ஏறத் தடிமன், நூலில் நம்பர் ஏற ஏற மெலிசு. 50 நூலுக்கு 80/12, 40 நூலுக்கு 90/14 என்று போகலாம். பாத்திக் துணி ரொம்ப நெருக்கமான நெசவு, அதில் விழுந்த ஓட்டை சுலபத்தில் மறையாது. அதற்கு மைக்ரோடெக்ஸ்தான் நல்லது. ஜரிகை நூலோ தடித்த நூலோ என்றால் டாப்ஸ்டிச் ஊசி, அதன் காது பெரிது.

முத்தியால்பேட்டையிலிருந்து

தையல் விட்டு விட்டு விழுகிறது, டென்ஷனை (நூல் இறுக்கத்தை) சரிபண்ண வேண்டும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயதானவர். டென்ஷன் பக்கம் கையே வைக்கவில்லை. ஊசியைக் கழற்றி முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்தார், கோடு விழுந்தது. "முனை மடிஞ்சிருக்கு, வேற போடும்மா" என்றார். துணிக்குள் இறங்கும்போது 'டப் டப்' என்று சத்தம் வந்தாலே ஊசியைப் பார்க்க வேண்டுமாம்.

இன்னொன்றும் சொன்னார். பவர் மிஷினுக்கு வேறு ஊசி, டிபிஎக்ஸ்1. அதன் மேல்பகுதி உருண்டை. வீட்டு மிஷினுக்கு எச்ஏஎக்ஸ்1, பாக்கெட்டில் 130/705 எச் என்றும் போட்டிருப்பார்கள், ஒரு பக்கம் தட்டை. ஒரு வகை மிஷினின் ஊசியை இன்னொன்றில் மாட்டக் கூடாது. குயில்டிங் என்று பேர் போட்டு வருவது வீட்டு மிஷின் ஊசிதான். பவர் மிஷினில் தைக்கிறவர்கள் எஸ்பிஐ முனை என்று கேட்டு வாங்கலாம், அது கூர்முனை. எந்த மிஷினாக இருந்தாலும் ஊசியின் நீளப் பள்ளம், நூல் உள்ளே நுழைகிற பக்கம் இருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து

கடலோரத்துக்காரர்கள் கவனிக்க: ஊசியை மிஷினிலேயே விட்டுவிட்டு மழைக்காலத்தைக் கழிக்காதீர்கள். உப்புக் காற்றில் துரு பிடிக்கும், வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகப் பழுப்புக் கறை விழும். நான் மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை போட்டு வைக்கிறேன். ஃபெஞ்சல் புயல் சமயத்தில் வீடே ஓதம் காத்துக் கிடந்தது, டப்பாவுக்குள் இருந்தவை பளபளவென்று இருந்தன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

ஒரு ஊசி எவ்வளவு நேரம் தாங்கும்? லாரன்ஸ் ரோட்டில் கேட்டால் "ஒடையற வரைக்கும்" என்கிறார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து

எட்டு மணி நேரத் தையலுக்கு ஒன்று என்பார்கள். பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்தால் அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறேன். புது குயில்ட் ஆரம்பிக்கும்போது புது ஊசி என்று வைத்துக்கொண்டால் மணிக்கணக்கு பார்க்க வேண்டாம். கழற்றியதை எறிய வேண்டியதில்லை, கால்மிதி தைக்க ஆகும்.

லாரன்ஸ் ரோட்டில் குயில்டிங் ஊசி கிடைக்காவிட்டால் ஜீன்ஸ் 90 கேட்டுப் பாருங்கள். தண்டு உறுதி, துணியைக் கையால் நகர்த்தித் தைக்கும்போது சட்டென்று வளையாது. மெல்லிய துணித் துண்டுகளை இணைத்துத் தைக்க மட்டும் அதைப் போடாதீர்கள், ஓட்டை பெரிதாகத் தெரியும். அதற்கு மைக்ரோடெக்ஸ் 70 அல்லது 80.